நேராக்கி வைத்த செருப்பு

விசாகன் முதன்முதலாகப் பேசியபோது வீட்டிலிருந்த எல்லோரும் அழுதார்கள். விசாகன் மட்டும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற சந்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

பேசியது அவன் வாய் அல்ல. பின்கழுத்தில் பிய்க்க வராதபடி ஒட்டியிருந்த புளியங்கொட்டை அளவு வில்லை பேசியது. துணைக்குரல் என்று அதற்குப் பெயர். பேச்சு வராதவர்களுக்கென்று அப்போதுதான் திருப்பூர்ப் பக்கம் வரத் தொடங்கியிருந்தது.

"அக்கா, பசிக்குதுங்க. சோறு போடறீங்களா?"

நல்ல ஆண்குரல். பக்கத்து வீட்டுப் பையன் வந்து கேட்பதுபோல அத்தனை சாதாரணமாக, அத்தனை மரியாதையாக. மஞ்சரி சாம்பார்க் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது பிறந்த தம்பி. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவன் வாயால் ஒரு 'அக்கா' கேட்டுவிட மாட்டோமா என்று அவள் ஏங்கியதற்கு அளவே கிடையாது.

"ஏன் மாப்ளே, இத்தன வருசமா இந்தக் குரலை எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தே?" என்று அவள் புருசன் தயாளன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

பீரோச் சந்திலிருந்து விசாகன் வெளியே வரவில்லை. முதல் நாள் அல்லவா, போகப் போகப் பழகிவிடும் என்றார்கள்.

விசாகனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வாட்டசாட்டமான ஆள். இருபத்தைந்தைத் தாண்டியவன். பேச மாட்டான், முகத்தைப் பார்க்க மாட்டான். ஆனால் முனகுவான். காலையில் கண் விழித்ததிலிருந்து உறங்கும்வரை தொண்டைக்குள் ஒரே சீராக ஒரு முனகல் ஓடிக்கொண்டே இருக்கும். அவர்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் தயாளனின் பனியன் துணி பின்னும் பட்டறை. மெஷின் ஓடுகிற சத்தமும் இவன் முனகலும் ஒன்றோடொன்று கலந்துதான் அந்த வீட்டின் சத்தம். கரண்ட் போனால் மெஷின் நிற்கும், இவன் நிற்க மாட்டான். "கரண்ட் போனாலும் நம்மூட்டு மிசினு ஓடுது பாரு" என்று அவன் அம்மா இருந்த காலத்தில் சொல்லிச் சிரிப்பாள். சந்தோஷத்துக்கு ஒரு முனகல், வயிற்றுவலிக்கு ஒரு முனகல், மழை வரப்போகிறதென்றால் ஒரு முனகல். மஞ்சரிக்கு அத்தனையும் தெரியும்.

வருகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். பேசாதவனுக்கு விவரம் இருக்காது என்பார்கள், அவன் காதுபடவே. கண்ணைப் பார்க்காதவனுக்குப் பாசம் ஒட்டாது என்பார்கள். இதற்கு நேர்மாறாக இன்னொரு கூட்டம் உண்டு. "இந்த மாதிரிப் புள்ளைங்களுக்கு அபூர்வமா ஒரு தெறமை இருக்குமாமே? தம்பிக்கு என்னங்க, கணக்கா, பாட்டா?"

"தக்காளிச் சோத்துல தோலை மட்டும் பொறுக்கி ஓரமா வெக்கறதுல அவனை அடிச்சுக்க ஆளில்லீங்க," என்பாள் மஞ்சரி. கேட்டவர்களுக்கு முகம் சப்பென்று ஆகிவிடும். மனுசனாக இருந்தால் போதாதா, மாயக்காரனாகவும் இருக்க வேண்டுமா என்று அவளுக்குள் எரியும்.

வேண்டாம் என்று சொல்ல மட்டும் அவன் முனக மாட்டான். அதற்கு வேறு வழி வைத்திருந்தான். வாசலுக்குப் போய், தன் செருப்பு இரண்டையும் குப்புறக் கவிழ்த்துவிட்டு வருவான். சின்ன வயதில் தடுப்பூசிக்குக் கூட்டிப்போன அன்றைக்குத் தொடங்கியது அது. குப்புறக் கிடக்கிற செருப்பு வீட்டுக்குச் சண்டையைக் கொண்டுவரும் என்று நம் ஊரில் ஒரு பயம் உண்டல்லவா? யார் கண்ணில் பட்டாலும் கால் விரலாலேயே தட்டி நேராக்கிவிடுவார்கள். மஞ்சரியும் முதலில் அப்படித்தான் நேராக்கிக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் புரிந்தது. அன்றிலிருந்து அவள் கையாலேயே எடுத்து நேராக வைத்து, "செரி சாமி, வேண்டாம்" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். சொன்னால் சொன்னதுதான். ஊசி என்றால் ஊசி இல்லை, சொந்தபந்தம் பார்க்க ஒறம்பரை வீடு என்றால் ஒறம்பரை வீடு இல்லை. குப்புறக் கிடந்தால் அவன் கேள்வி, நேராக்கினால் அவள் பதில். அக்காளுக்கும் தம்பிக்கும் நடுவே இருந்த பேச்சு இவ்வளவுதான், ஆனால் அதில் ஒரு பொய்யும் கிடையாது.

அம்மா செத்த அன்றைக்கு விசாகன் அழவில்லை. "பெத்தவ போய்ட்டா, ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாரு. இதுகளுக்குப் பாசம்னா என்னன்னு தெரியாது," என்று சித்தி ஒருத்தி சொன்னாள். வாசலில் அம்மாவின் செருப்பு குப்புறக் கிடந்ததை அவள் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் குனிந்து நேராக்கிவிட்டு உள்ளே வந்தார்கள். ஒவ்வொருவர் நேராக்கும்போதும் விசாகன் உள்ளே ஓடிப்போய் அம்மாவைப் பார்த்தான். பார்த்துவிட்டு வந்து மறுபடியும் கவிழ்த்தான். பொழுது சாயத்தான் மஞ்சரி அதைக் கவனித்தாள். அவள் கை செருப்புவரை போய் நின்றுவிட்டது. நேராக்கினால் அது பதிலாகிவிடும். அந்தப் பதிலை அவளால் கொடுக்க முடியவில்லை.

துணைக்குரல் வந்த பிறகு வீடே மாறிப்போனது. சித்தி வாரா வாரம் போன் செய்து விசாகனிடம் பேசினாள். "நல்லா இருக்கறீங்களாங்க சித்தி? உடம்பைப் பாத்துக்கோங்க" என்றது குரல். "எத்தன பதவிசு பாரேன்!" என்று அவள் உருகினாள். இவனைக் கண்டால் விலகிப் போன பட்டறை ஆட்கள்கூட மாடியேறி வந்து கதை பேசினார்கள். விசாகன் அப்போதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு, முன்னைவிடச் சத்தமாக முனகினான்.

தயாளனின் தங்கை மகள் கல்யாணத்தில்தான் மஞ்சரிக்கு முதலில் சந்தேகம் தட்டியது. மண்டபத்தில் செண்டை மேளம். விசாகன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தான், பல் பதிந்து சிவந்துபோயிருந்தது. அவன் பின்கழுத்திலிருந்து குரல் பேசிக்கொண்டிருந்தது. "ரொம்ப சந்தோஷமா இருக்குதுங்க. ஏற்பாடெல்லாம் பிரமாதம்." சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். மஞ்சரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மண்டப வாசலுக்கு ஓடினாள். அந்தச் செருப்புக் குவியலுக்குள் அவன் செருப்பு இரண்டும் குப்புறக் கிடந்தன.

அதற்கப்புறம் அவள் பிடுங்கி எறிந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். முடியாது. சட்டம் வந்துவிட்டது. குரல் சொன்னால் அவன் சொன்னதாக அர்த்தம். ஒருத்தர் துணைக்குரலை இன்னொருத்தர் கழற்றுவது வாயைப் பொத்துவதற்குச் சமம், அதற்குத் தண்டனையும் உண்டு. அதுவரை அவனுக்குப் பாதுகாவலர் மஞ்சரிதான். பேச்சு வந்த அன்றைக்கே அந்தப் பொறுப்பு அவள் கையைவிட்டுப் போய்விட்டது. பேசாதவர்களை யாரும் ஏமாற்றக் கூடாதென்று நல்ல மனதோடு போட்ட சட்டம் அது.

அடுத்து ஆஸ்பத்திரியில் பரிசோதனை. "மாசாமாசம் இங்க வந்து வில்லையை மாத்தி ஒட்டறதுக்குப் பதிலா, தோலுக்கு அடியிலேயே நிரந்தரமா வெச்சுடலாம். சம்மதமா?" என்று டாக்டர் விசாகனிடம் கேட்டார்.

"தாராளமாங்க. ரொம்ப நன்றிங்க," என்றது குரல்.

டாக்டர் மஞ்சரி பக்கம் திரும்பினார். "இன்னொரு நல்லதும் இருக்கும்மா. இந்த முனகல் நின்னுடும். குரலும் முனகலும் ஒரே நரம்பு வழியாத்தான் போகுது. உள்ள வெக்கும்போது அந்தத் தொல்லையையும் அடக்கிடலாம்."

மஞ்சரி விசாகனை வீட்டில் கொண்டுவந்து விட்டாள். நேராகத் துணைக்குரல் கம்பெனி ஆபீசுக்குப் போனாள். அங்கே ராகுலன் என்று ஒரு இன்ஜினியர், விசாகனுக்கு முதன்முதலில் வில்லை ஒட்டிவிட்டவன். நல்ல பையன். நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அவன் வேண்டாம்னு நெனைக்கறப்ப இது என்னன்னு சொல்லும்?"

"வேண்டாம்னுதானுங்க்கா சொல்லும்."

"இதுவரைக்கும் ஒருக்காக் கூடச் சொல்லுலீங்களே."

ராகுலன் கம்ப்யூட்டரில் எதையோ தேடினான். வெகுநேரம் பார்த்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தான்.

"இதுக்குப் பேசச் சொல்லிக்குடுத்தது நல்லாப் பேசற சனங்களை வெச்சுங்க்கா. தொண்டை நரம்பு எப்படி அசையுது, அப்ப வாய் என்ன சொல்லுது, ரெண்டையும் சேத்துப் படிச்சுக்கிச்சு. இப்ப நீங்க ஒறம்பரை ஊட்டுக்குப் போறீங்க. இன்னொரு தோசை வெக்க வர்றாங்க. வயித்துல எடமில்ல. என்ன சொல்லுவீங்க?"

"பரவால்லீங்க, வைங்கம்பேன்."

"பாத்தீங்களா? உள்ள வேண்டாம், வெளிய பரவால்ல. சனங்க முக்காவாசி நேரம் அப்படித்தான் இருக்கறோம். மிசினு அதைத்தான் கத்துக்கிச்சு. வேண்டாம்ங்கற அசைவு வந்தா வாய்ல 'பரவால்லீங்க, சந்தோஷங்க'ன்னு வரணும்னு நெனைச்சுக்குது. அசைவு எத்தனைக்கெத்தனை பலமா வருதோ, அத்தனைக்கத்தனை பலமா நன்றி சொல்லுது."

மஞ்சரிக்குக் கல்யாண மண்டபம் ஞாபகம் வந்தது. 'ஏற்பாடெல்லாம் பிரமாதம்.'

"அப்ப இத்தன நாளா அவன் உள்ளுக்குள்ள கத்தீட்டு இருந்திருக்கறான்."

ராகுலன் கழற்றிய கண்ணாடியை எடுத்துச் சட்டை நுனியில் துடைத்தான்.

"அதைத் திருத்துங்க தம்பி."

"மேல சொல்லிப் பாத்துட்டேனுங்க்கா. திருத்தோணும்னா இவங்க ஒவ்வொருத்தரும் எப்படி வேண்டாம்னு சொல்றாங்கன்னு கூடவே உக்காந்து பாக்கோணும். ஒருத்தர மாதிரி இன்னொருத்தர் கெடையாது. அதுக்கு ஆருக்குங்க பொறுமை இருக்குது? குடும்பத்துக்காரங்க எல்லாரும் திருப்தியாத்தானே இருக்காங்கன்னுட்டாங்க."

"குடும்பந்தான தம்பி திருப்தி?"

"ஆமாங்க்கா. குடும்பந்தான்."

வீட்டுக்கு வந்து தயாளனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பொறுமையாகத்தான் கேட்டான். கெட்டவன் இல்லை அவன். விசாகனுக்கு வாரம் தவறாமல் சவரம் செய்துவிடுகிறவன்.

"செரி, உன்ற பேச்சுப்படியே வெச்சுக்குவோம். நாளைக்கு நாம ரெண்டு பேரும் போய்ட்டோம். செருப்பைக் கவுத்துப் போட்டா ஆருக்குப் புரியும்? இந்தக் குரல் இருந்தா நாலு பேரு சோறு போடுவாங்க மஞ்சு. அது பொய்யே பேசட்டும். நல்லபடியாப் பேசுது இல்ல?"

 இந்தக் கேள்வியை அவளே படுக்கையில் எத்தனையோ தடவை தன்னிடம் கேட்டிருக்கிறாள்.

நிரந்தரமாக வைப்பதற்கு முன்னால் நல அலுவலர் ஒருத்தர் நேரில் பார்த்துச் சம்மதம் கேட்க வேண்டும். அங்கே போய்ச் சொல்லிவிடலாம் என்பதுதான் மஞ்சரிக்கு மிச்சமிருந்த நம்பிக்கை. அன்று காலை விசாகன் முன்னால் உட்கார்ந்து, அவன் பார்க்காவிட்டாலும் அவனுக்குக் கேட்கும் என்று தெரிந்து, எங்கே போகிறோம், கழுத்தில் என்ன செய்யப் போகிறார்கள், எதை நிறுத்தப் போகிறார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் எழுந்து போய்ச் செருப்பைக் கவிழ்த்தான். அவள் நேராக்கவில்லை.

"அங்க வந்து இதையே செய் சாமி. அவங்களே பாக்கட்டும்."

நல அலுவலகத்தில் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். விசாகன் அக்கா சொன்னதை மறக்கவில்லை. இரண்டையும் கழற்றி, குனிந்து, ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே நடந்தான். மஞ்சரிக்கு அழுகையும் பெருமையுமாக வந்தது. தயாளன் காரை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

அலுவலர் வயதான அம்மாள். தன்மையாகப் பேசினார். விசாகனிடம் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் குரல் நன்றி சொன்னது. பிறகு மஞ்சரி சொன்னதையும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது நடந்திருக்கலாம்மா. இல்லேன்னு நான் சொல்லல. ஆனா சட்டம் குரலைத்தான் கேக்கச் சொல்லுது. அவர் வேற விதமா மறுக்கறார்னு என் கண்ணால பாத்தேன்னா, நிறுத்தி வைக்க எனக்கு அதிகாரம் இருக்கு. காட்டுங்க."

"வாசலுக்கு வாங்க மேடம். அவன் சொல்லி வெச்சுட்டுத்தான் வந்திருக்கறான்."

எல்லோரும் எழுந்து வாசலுக்கு வந்தார்கள்.

விசாகனின் செருப்பு இரண்டும் நேராக, சுவரோரமாக, ஜோடி சேர்ந்து இருந்தன.

மஞ்சரிக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. தயாளனின் முகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

"நாந்தான்... வர்றப்ப பாத்தேன், குப்புறக் கெடந்துச்சு. காரியத்துக்கு வந்த எடத்துல இப்படிக் கெடந்தா ஆகாதேன்னு... நெனைச்சு ஒண்ணும் செய்யல மஞ்சு, காலு தானாப் போயிருச்சு."

"மேடம், குப்புறத்தான் வெச்சிருந்தான். இவரே சொல்றாருங்களே!"

"செருப்பு தானாவும் கவுந்திருக்கலாம் இல்லையாம்மா?" என்றார் அலுவலர் இரக்கத்தோடு. "சரி, இன்னொரு தடவை செய்யச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்."

மஞ்சரி திரும்பிப் பார்த்தாள். விசாகன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேராக இருக்கிற செருப்பை. அவன் தோள் இரண்டும் மெல்லத் தளர்ந்தன. கடித்துக்கொண்டிருந்த மணிக்கட்டை விட்டான். கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது அவனுக்கு. செரி சாமி, வேண்டாம். இத்தனை வருடத்தில் அந்தப் பதில் ஒருநாளும் பொய்த்ததில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, வெயிலில் போய் நின்றான். தொண்டைக்குள் முனகல் கிளம்பியது. அது சந்தோஷத்தின் முனகல்.

"விசாகா, கண்ணு, இன்னொருக்கா கவுத்து வை சாமி. அக்காவுக்காக."

அவன் ஏன் கவிழ்க்கப் போகிறான்? அக்காதான் ஒத்துக்கொண்டாளே.

"வீட்டுக்குப் போகலாங்களா? எல்லாருக்கும் நன்றிங்க," என்றது குரல்.

"பாருங்க, எவ்வளவு நிம்மதியா நிக்கறார்," என்றார் அலுவலர். பிறகு மஞ்சரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு ஆட்சேபணை இருந்தா இப்பச் சொல்லிடுங்க. மேல எடுத்துட்டுப் போறதுக்கு வழி இருக்கு. ஆட்சேபணை ஏதாவது இருக்காம்மா?"

வேண்டாம் என்று அவளுக்குள் ஒரு கத்தல் எழுந்தது. அடிவயிற்றிலிருந்து எழுந்து தொண்டைவரை வந்தது. எதிரே அந்த அம்மாளின் கனிந்த முகம். பக்கத்தில் தயாளன், தலை குனிந்து, கண் கலங்கி, நாம போய்ட்டா ஆரு பாப்பாங்க என்று கேட்காமல் கேட்டுக்கொண்டு. பின்னால் தங்கள் முறைக்காகக் காத்திருக்கிற சனங்கள்.

"இல்லீங்க மேடம்," என்றது அவள் வாய். "பரவால்லீங்க."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவள் காதில் விழுந்தது. அதற்குள் அலுவலர் அவள் கையை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. விசாகன் வீட்டுக்கு வந்த மறுநாள் மத்தியானம் கரண்ட் போனது. கீழே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அடுப்படியில் இருந்த மஞ்சரி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒரு சத்தமும் இல்லை. அந்த வீடு அப்படி ஒரு அமைதியை அதுவரை பார்த்ததில்லை.

"அக்கா, நான் நல்லா இருக்கறனுங்க," என்றது குரல் உள்ளேயிருந்து.

இப்போதெல்லாம் அவர்கள் வீட்டு வாசலில் அவன் செருப்பு எந்நேரமும் குப்புறத்தான் கிடக்கிறது. மஞ்சரி அதைத் தொடுவதில்லை. கொடுக்க அவளிடம் பதில் இல்லை. ஆனால் வீட்டுக்கு ஆட்கள் வரப்போக இருக்கிறார்கள் அல்லவா? சித்தி வருகிறாள், பட்டறை ஆட்கள் வருகிறார்கள், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வருகிறார். எல்லோரும் நல்லவர்கள். குப்புறக் கிடக்கிற செருப்பைப் பார்த்ததும் குனிந்தோ காலாலோ நேராக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள்.

ஒவ்வொரு தடவையும் விசாகன் ஜன்னல் வழியாக அதைப் பார்க்கிறான். பார்த்ததும் அவன் முகம் தெளிகிறது. கையைப் பின்னால் கொண்டுபோய், அந்த வில்லை போய்விட்டதா என்று கழுத்தை மெல்லத் தடவிப் பார்க்கிறான்.